உணவுக்குழாயில் ஒரு விளக்கு



சென்ற திங்கள் இப்பகுதியில் நெஞ்செரிச்சலைப் பற்றி எழுதியிருந்தோம். அதன்பின் வந்த மடல்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. கடற்கரையூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கின்றார். அவருடைய கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிபவர். விடுமுறையில் ஊர் வந்தவர், ஆண்டுக்கணக்காகத் தொல்லை தந்த நெஞ்செரிச்சலுக்காக மருத்துவரைக் கண்டார். வாய்வழியே குழாய் செலுத்தி நோக்கும் எண்டாஸ்கோப்பி பரிசோதனை நடந்தது. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் நிறம் மாறியிருக்கிறது என்று கூறிப் பல இடங்களில் சதையைக் கிள்ளி எடுத்தனர். சில நாட்கள் கழித்து வந்த அறிக்கையிலோ, மாற்றம் இருக்கின்றது, அது தீய மாற்றமா அன்றா என்று உறுதியாகக் கூற இயலவில்லை, மருந்துண்ட பின் மீண்டும் பரிசோதிக்கவும் என்று இருந்ததாம்.

"கண்ணாலும் பார்த்தார்கள், சதையையும் எடுத்தார்கள், பிறகும் ஏன் உறுதியாகச் சொல்ல முடியவில்லை? சதையை எடுக்காமல் ஒளியைப் பாய்ச்சியே கண்டுபிடிக்கும் கருவிகள் வந்துவிட்டதாக என் காக்கா சொல்கின்றார்கள். அது உண்மையா? நகையை விற்றாவது அவரை அங்கு அழைத்துச் செல்லலாமா?" என்று கேட்டிருக்கின்றார் அச்சகோதரி.

மூன்றும் நியாயமான வினாக்கள். முதலாவதற்கு விடை காண வேண்டுமாயின், உணவுக்குழாயின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

தொண்டையிலிருந்து இரைப்பை வரை, மூச்சுக்குழாய்க்குப் பின்புறமாக இறங்கும் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய் அது. வெளியிலிருந்து கையால் தடவிப் பார்க்க இயலாது. நன்கு விரிந்து கொடுக்கும் தன்மையுடையது என்பதால், உள்ளே ஒரு கட்டி வளரத் தொடங்கினாலும் உணவு நெடுங்காலம் தடையின்றி இறங்கிக்கொண்டே இருக்கும். இறைச்சித் துண்டும் சோற்றுக் கவளமும் நெஞ்சில் நிற்பதாக ஒருவர் உணரும்போது, குழாயின் உள்வழி பெரிதும் குறுகிப் போயிருக்கும். எனவேதான் இந்நோய் பெரும்பாலும் காலங்கடந்தே கண்டறியப்படுகின்றது. 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 5 லட்சத்து 11 ஆயிரம் பேருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் அந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 4 லட்சத்து 45 ஆயிரம் பேர். இவ்விரு எண்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

இந்நோய் இரு வகைப்படும். குழாயின் உட்படலத்தில் இயல்பாகவே உள்ள தட்டையான உயிரணுக்களில் தோன்றுவது ஒருவகை. ஈரான், சீனம், நம் நாடு ஆகியவற்றில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. மற்றொரு வகை, இரைப்பையின் அமிலம் ஆண்டுக்கணக்கில் மேலேறி அரித்ததால் குழாயின் அடிப்பகுதியில் உயிரணுக்கள் வேறு உருக்கொண்டுவிட்ட இடத்தில் தோன்றுவது. அவ்வாறு உருமாறிய நிலைக்குப் பாரெட் உணவுக்குழாய் என்று பெயர். 1950-இல் இலண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட் இதனைப் பற்றி எழுதினார். வேடிக்கை என்னவெனில், உருமாறிய அப்பகுதி உணவுக்குழாயே அன்று, மேலே இழுக்கப்பட்ட இரைப்பை என்றே அவர் அப்போது கருதினார். 1957-இல்தான் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். பெயர் மட்டும் அவருடையதாகவே நிலைத்துவிட்டது.

சகோதரியின் கணவருக்கு இருப்பது இந்த இரண்டாம் வகைக்கு முற்பட்ட நிலையாகவே தோன்றுகின்றது. அச்சம் தெளிவதற்கு ஒரு கணக்கை இங்கேயே கூறிவிடுகின்றோம். டென்மார்க் நாட்டில் பாரெட் நிலையுள்ள 11,028 பேரைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோய் கண்டவர்கள் ஆண்டொன்றுக்கு 0.12 விழுக்காடே, அதாவது ஆயிரம் பேருக்கு ஓராண்டில் ஒருவர் என்ற அளவு. திசுவில் பிறழ்வு மிகுந்துவிட்டவர்களுக்கு இவ்வாய்ப்பு அதனைவிடப் பன்மடங்கு கூடுதல் என்பதும் உண்மை. ஆகவே, அந்த ஒருவர் யார் என்று கண்டறிவதே மருத்துவரின் பாடு.

அதில்தான் இடர்ப்பாடு. பிறழ்ந்த திசு பெரும்பாலும் மேடாகவோ புண்ணாகவோ தோன்றுவதில்லை. சுற்றியுள்ள திசுவைப் போலவே சிவந்து, வழவழப்பாக இருக்கும். வெள்ளொளியில் கண்ணுக்குத் தனித்துத் தெரியாது. ஆதலால், மாறிய பகுதி நெடுகிலும் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு வட்டமாக, வட்டத்திற்கு நான்கு இடங்களில் சதையைக் கிள்ளி எடுக்க வேண்டும் என்பது வழக்கு. இதனைச் சியாட்டில் முறை என்பர். அரிசி மண்டியில் மூட்டையைக் குத்தி, உள்ளங்கையில் விழும் சில மணிகளைக் கொண்டே முழு மூட்டையின் தரத்தையும் மதிப்பிடும் வணிகரின் முறை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சரியாக அமையும். ஆனால் கையில் விழாத அரிசியைப் பற்றி அவர் ஒன்றும் அறியார்.

எடுத்த சதையிலும் ஒரு குழப்பம் நேரலாம். அமிலத்தால் வெந்து, ஆறிக்கொண்டிருக்கும் உயிரணுவும் உருவம் பெருத்து, உட்கரு கறுத்துத் தோன்றும். புற்றுநோயை நோக்கிச் செல்லும் உயிரணுவும் அவ்வாறே தோன்றும். இவ்விரண்டையும் பிரித்தறிவதில் தேர்ந்த நோய்க்குறியியல் வல்லுநர்களே தம்முள் மாறுபடுவதுண்டு. "உறுதியாகக் கூற இயலவில்லை" என்று எழுதிய அந்த வல்லுநர் கடமையில் தவறவில்லை. ஐயத்தை மறைக்காமல் எழுதியது அவருடைய நேர்மை என்றே நாம் கொள்வோம். மருந்தால் அமிலத்தை அடக்கி, வெந்த திசு ஆறிய பின் மீண்டும் எடுத்துப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தெளிந்துவிடும். மறுபரிசோதனை கேட்டதன் காரணம் இதுவே.

இனி, ஒளியின் கதைக்கு வருவோம்.

உணவுக்குழாய்க்குள் நோக்க வேண்டும் என்ற ஆவல் புதியதன்று. 1868-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் அடால்ஃப் குஸ்மால் என்னும் மருத்துவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரை அழைத்து வந்து, 47 சென்டிமீட்டர் நீளமுள்ள நேரான குழாயொன்றை அவருடைய தொண்டை வழியே செலுத்திப் பார்த்தார். குழாய் இறங்கியது. ஆனால் அக்காலத்து விளக்கின் ஒளி அவ்வளவு ஆழத்திற்குப் போதவில்லை. வளையும் கண்ணாடி இழைகளின் வழியே ஒளியையும் உருவத்தையும் கொண்டுசெல்லலாம் என்று 1954-இல் ஹெரால்டு ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் இலண்டனில் காட்டிய பின்னரே வழி பிறந்தது. 1957-இல் அமெரிக்க மருத்துவர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் உள்நோக்கியை உருவாக்கிப் பயன்படுத்தினார். ஒளி உள்ளே சென்றுவிட்டது. ஆயினும், எல்லாம் ஒரே சிவப்பாகத் தெரியும் உட்படலத்தில் எது நல்லது, எது தீயது?

முதலில் கைகொடுத்தது சாயம். புண்ணுக்கு இடும் அயோடினை நீங்கள் அறிவீர்கள். அதனை நீர்க்கரைசலாக உணவுக்குழாயில் தெளித்தால், இயல்பான தட்டை உயிரணுக்களில் சேமித்து வைக்கப்பட்டுள்ள சர்க்கரைப் பொருளுடன் கூடிப் பழுப்பு நிறமாகும். பிறழ்ந்த உயிரணுக்களில் அச்சேமிப்புக் குறைவாதலின், அவ்விடம் மட்டும் சாயமேறாமல் வெளிறி நிற்கும். எளிமையான இந்த உத்தியால் விளைந்த நன்மை சிறிதன்று. சீனத்தின் ஹெபேய் மாகாணத்தில் இந்நோய் மலிந்த சிசியான் மாவட்டத்துச் சிற்றூர்களில், 40 முதல் 69 வயது வரையுள்ளோருக்கு ஒரே ஒருமுறை இவ்வாறு சாயமிட்டுப் பரிசோதித்து, ஐயத்திற்குரியதை அப்போதே நீக்கினர். பத்தாண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, பரிசோதிக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் இறந்தோர் 3.35 விழுக்காடு, பரிசோதிக்கப்படாத ஊர்களில் 5.05 விழுக்காடு. 2015-இல் வெளியான முடிவு இது. நூறு பேருக்கு ஏறத்தாழ இரண்டு பேர் என்ற அளவில் உயிர்கள் மிஞ்சின.

ஆனால் அயோடினுக்கு ஒரு குறை உண்டு. வெறும் அழற்சியுள்ள இடத்திலும் சாயம் ஏறாது. இதனால் வீண் ஐயமும் வீணான சதை எடுப்பும் மிகுகின்றன. சிலருக்கு நெஞ்சு எரியவும் செய்யும். மேலும், இது தட்டை உயிரணு வகைக்கே பயன்படும். பாரெட் நிலைக்கு உதவாது. அங்கே நம் சமையலறைக் காடியின் புளிப்புப் பொருளாகிய அசெட்டிக் அமிலத்தை நீர்த்துத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் சில மருத்துவமனைகளில் உண்டு. தெளித்ததும் திசு வெண்மையாகும். பிறழ்ந்த இடம் அந்த வெண்மையை மற்ற இடங்களைவிட விரைவில் இழந்துவிடும்.

சாயமே இல்லாமல் ஒளியைக் கொண்டே வேறுபாட்டைக் காட்ட முடியுமா என்பது அடுத்த கேள்வி. பொருளின்மீது பட்ட ஒளி கண்ணை வந்தடைவதால்தான் காட்சி பிறக்கின்றது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவிலிருந்து எழுதினார் இப்னுல் ஹைதம். இன்றைய கருவிகள் கேட்பதெல்லாம், திரும்பி வரும் அந்த ஒளி எதனைத் தொட்டுவிட்டு வருகின்றது என்பதையே.

குருதியின் செந்நிறப் பொருள், நீலத்தையும் பச்சையையும் விழுங்கும் இயல்புடையது. ஆகவே வெள்ளொளியை விடுத்து, 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டிய நீல, பச்சை ஒளியை மட்டும் பாய்ச்சினால், மேற்பரப்பின் நுண்ணிய குருதி நாளங்கள் கோடு கீறியதைப் போலத் தெளிந்து தோன்றும். தீய திசு தனக்கென ஒழுங்கற்ற நாளங்களை வளர்த்துக்கொள்வதால் காட்டிக்கொடுக்கப்பட்டு விடுகின்றது. இதற்குக் குறுகிய அலைவரிசைப் படமெடுப்பு என்று பெயர். ஜப்பானில் 320 நோயாளிகளைக் கொண்டு 2010-இல் வெளியான சோதனையில், உணவுக்குழாயின் மேலோட்டமான புற்றுநோயில் 97 விழுக்காட்டை இவ்வொளி காட்டிற்று. வெள்ளொளி காட்டியதோ 55 விழுக்காடு. இன்று பல புதிய உள்நோக்கிகளில் ஒரு பொத்தானை அழுத்தினாலே இவ்வசதி கிடைக்கின்றது.

மற்றொரு கருவி, ஒளியைக் கொண்டு திசுவின் அடுக்குகளைப் பார்ப்பது. ஒலியலையால் கருவிலுள்ள குழந்தையைப் பார்க்கும் ஸ்கேன் எல்லோருக்கும் தெரிந்ததே. அதில் ஒலிக்குப் பதில் ஒளியை வைத்தால் ஓ.சி.டி. என்னும் முறையாகும். 1991-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இதனை வெளியிட்டனர். கண் மருத்துவமனைகளில் விழித்திரையைப் படமெடுப்பது இக்கருவியே. இதனை ஒரு மாத்திரைக்குள் அடக்கி, 2013-இல் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையினர் 13 பேருக்குக் கொடுத்துச் சோதித்தனர். 12.8 மில்லிமீட்டர் தடிமனும் 24.8 மில்லிமீட்டர் நீளமும் உடைய அம்மாத்திரை மெல்லிய கயிறொன்றில் கட்டப்பட்டிருக்கும். விழுங்கிவிட்டு, கயிற்றை இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். மயக்க மருந்து தேவையில்லை. நான்கு முறை ஏற்றி இறக்குவதற்குச் சராசரியாக ஆறு நிமிடமே ஆயிற்றாம். எண்டாஸ்கோப்பிக்கு அஞ்சி ஓடுபவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அவர்களுக்கு இது இனிப்பான செய்திதான். ஆனால் அம்மாத்திரை பார்க்கும், சதையை எடுக்காது. ஐயத்திற்குரிய ஒன்று தென்பட்டால், குழாய் மீண்டும் வந்தே தீரும்.

மூன்றாவது வகை, உயிரணுவின் உட்கருவையே அளக்க முயல்வது. பிறழ்ந்த உயிரணுவின் உட்கரு பெருத்திருக்கும் அல்லவா? பெரிய உட்கருவில் பட்டுச் சிதறும் ஒளியும் சிறியதில் பட்டுச் சிதறும் ஒளியும் வேறுபடும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆடம் வாக்ஸ் குழுவினர் இக்கருத்தில் அமைந்த கருவியைப் பாரெட் நிலையுள்ள 46 பேரிடம் சோதித்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர். பிறழ்ந்த இடங்கள் அனைத்தையும், அதாவது 100 விழுக்காட்டையும், கருவி கண்டுபிடித்தது. செய்தித்தாளில் இதனைப் படிப்பவர், இனிக் கத்திக்கு வேலையில்லை என்றே எண்ணுவார்.

இங்கேதான் சகோதரியின் காக்கா அவர்களிடம் சற்று நிதானிக்கும்படி வேண்டிக்கொள்கின்றோம்.

46 பேர் என்பது சிறிய கூட்டம். அவர்களுள் உண்மையில் பிறழ்வு இருந்த இடங்கள் அதனினும் சில. சிலவற்றுள் எல்லாவற்றையும் பிடித்தது என்பது நல்ல தொடக்கம்; தீர்ப்பன்று. ஒரு கருவியைச் சோதிப்பதாவது யாது? அரிசியில் கல் பொறுக்கும் பெண்களுக்கு இதனை விளக்கவே வேண்டியதில்லை. கல்லை விட்டுவிடக் கூடாது. அதே வேளையில் நல்ல அரிசியைக் கல்லென்று வீசி எறியவும் கூடாது. ஐயப்பட்டதையெல்லாம் எறிபவர் ஒரு கல்லையும் விடமாட்டார்தான், ஆனால் உலையில் போட அரிசி மிஞ்சாது. இரண்டு திறன்களையும் தனித்தனியே அளந்து பார்ப்பதே சோதனை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேர் இருக்கின்றார்கள். அவர்களுள் பத்துப் பேருக்கே பிறழ்வு உண்டு என்று வைத்துக்கொள்வோம். கருவி நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைப் பிடிக்கும். நோயில்லாதவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாக விடுவிக்கும். கேட்பதற்கு உயர்ந்த கருவியாகவே தோன்றும். பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிடித்துவிடும், ஒருவர் தப்பிப்போவார். ஆனால் நோயற்ற 990 பேரில் பத்திலொரு பங்கு, அதாவது 99 பேர், நோயாளிகள் என்று தவறாகக் காட்டப்படுவர். ஆக, அச்சத்தோடு வீடு திரும்புபவர்கள் 108 பேர். உண்மையில் நோயுள்ளவர்கள் அவர்களுள் ஒன்பதின்மர். நகையை விற்கத் துணிபவர்கள் அந்த 99 வீடுகளிலும் இருப்பார்களே!

சோதனை முறையிலும் கண்டிப்பு வேண்டும். கருவியால் நோக்கும் மருத்துவர், சதையை எடுக்கு முன்பே தம் முடிவைக் கூறிப் பதிவு செய்துவிட வேண்டும். சதையை ஆராயும் வல்லுநருக்கு, கருவி என்ன சொன்னது என்பது தெரியக் கூடாது. நோயாளியிடம் இது சோதனை என்பதை விளக்கி, அவருடைய ஒப்புதலையும் பெற்றிருக்க வேண்டும். பின்னர், ஒரே ஊரில் ஒரு வல்லுநர் கையில் சிறந்து விளங்கியது, வேறு ஊரில் பிறர் கையிலும் சிறக்கின்றதா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசிப் படியில் வீழ்ந்த கருவிகள் உண்டு. திசு தானே உமிழும் மங்கலான ஒளிர்வைக் கொண்டு பிறழ்வைக் காட்டும் முறை ஒன்று முன்பு பெரிதாகப் பேசப்பட்டது. 2008-இல் வெளியான ஆய்வில், அது ஐயத்திற்குரியது என்று காட்டிய இடங்களில் 81 விழுக்காடு வீண் ஐயமாகவே முடிந்தது. குறுகிய அலைவரிசை ஒளியையும் சேர்த்துப் பார்த்தபோது அது 26 விழுக்காடாகக் குறைந்தது. நல்ல முன்னேற்றம் என்றனர். பிறகு பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, சாதாரண மருத்துவமனைகளில் பழைய முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மொத்தத்தில் பிறழ்வைக் கண்டுபிடிப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை என்று 2011-இல் தெரியவந்தது.

அடக்கமான நோக்கத்தோடு செய்யப்பட்ட வேறொரு சோதனையே நம்மைப் பெரிதும் கவர்ந்தது. ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டமும் மருத்துவர் ஷர்மிளா ஆனந்தசபாபதியும் சீன மருத்துவர்களோடு சேர்ந்து நடத்தியது அது. உள்நோக்கியின் துளை வழியே ஒரு மெல்லிய இழைக்கட்டைச் செலுத்துகின்றனர். திசுவின்மேல் புரோஃபிளேவின் என்னும் மஞ்சள் சாயத்தைத் தெளிக்கின்றனர். முற்காலத்தில் காயங்களுக்கு இட்ட மஞ்சள் மருந்தின் இனம் அது. நீல ஒளி பட்டதும் உயிரணுக்களின் உட்கருக்கள் விண்மீன்களைப் போல ஒளிர்கின்றன. அவை ஒழுங்காக இடைவெளிவிட்டு நின்றால் நலம். பெருத்து நெருங்கிக் கலைந்து கிடந்தால் ஐயம். விலையுயர்ந்த நுண்ணோக்கிகளை வாங்க இயலாத ஊர்களுக்கென்றே குறைந்த செலவில் அமைக்கப்பட்ட கருவி இது.

அயோடினைக் கைவிட்டுவிட்டு இக்கருவியை வைக்க அவர்கள் முயலவில்லை. அயோடின் ஐயத்திற்குரியது என்று காட்டிய இடத்தை மட்டும் இரண்டாம் முறை நோக்கினர். 147 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான இச்சோதனையில், தீங்கற்ற இடங்களைத் தீங்கற்றவை என்று சரியாக விடுவிக்கும் திறன், அயோடின் மட்டும் இருந்தபோது 48 விழுக்காடு. கருவியும் சேர்ந்தபோது 88 விழுக்காடு. ஆனால் ஒருமுறை சலித்ததை மறுமுறை சலிப்பதால் புதிதாகக் கல் அகப்படாது. முதற்சலிப்பில் தப்பியது தப்பியதே. அரிசி வீணாவதுதான் குறையும். கருவியைச் செய்தவர்கள் வேண்டியதும் அதுவே.

கணிப்பொறியே படத்தைப் பார்த்துச் சொல்லும் முறையும் வந்துவிட்டது. ஜப்பானியர் 8,428 படங்களைக் காட்டிப் பயிற்றிய கணிப்பொறி, 2019-இல் வெளியான சோதனையில் 98 விழுக்காட்டுப் புற்றுநோயைப் பிடித்தது. ஆனால் அது புற்றுநோய் என்று சுட்டிய படங்களில் உண்மையானவை 40 விழுக்காடே. முன்னர்ப் போட்ட கணக்கு இங்கும் பொருந்துகின்றது பாருங்கள்.

பாரெட் நிலையில் கண்டபடி சதை எடுப்பதைக் கைவிட வேண்டுமாயின், ஒரு கருவி எவ்வளவு தேற வேண்டும்? அமெரிக்க இரைப்பைக் குடல் உள்நோக்கிச் சங்கம் 2012-இல் அளவுகோல் வகுத்தது: பிறழ்வைப் பிடிக்கும் திறன் 90 விழுக்காட்டிற்குக் குறையக்கூடாது, விடுவிக்கும் திறன் 80-க்குக் குறையக்கூடாது, "இல்லை" என்று கருவி சொன்னால், அச்சொல் 98 விழுக்காடாவது மெய்யாக இருக்க வேண்டும். 2016-இல் அச்சங்கமே மதிப்பிட்டபோது, அசெட்டிக் அமிலம், குறுகிய அலைவரிசை ஒளி, உள்நோக்கியிலேயே பொருத்தப்பட்ட ஒருவகை நுண்ணோக்கி ஆகியவை அந்த அளவை எட்டின. தேர்ந்த வல்லுநர் கையில் இருக்கும்போது என்னும் நிபந்தனையோடுதான்!

ஆகவே, சகோதரிக்கு நம் விடை இது. ஒளிக்கருவிகள் வந்திருப்பது உண்மை. ஆனால் அவற்றின் தலையாய பயன், சதையை எங்கே எடுப்பது என்று வழிகாட்டுவதே. ஐயம் எழுந்த இடத்தில் இறுதித் தீர்ப்பு இன்றும் எடுத்த சதையின் மீதுதான். நகையை விற்க வேண்டா. மறுபரிசோதனைக்குச் செல்லும்போது, உங்கள் மருத்துவமனையின் உள்நோக்கியில் குறுகிய அலைவரிசை ஒளி உண்டா என்று கேளுங்கள். முன்னர் எடுத்த சதையின் கண்ணாடித் தகடுகள் மருத்துவமனையில் பாதுகாக்கப்பட்டிருக்கும்; அவற்றைக் கேட்டுப் பெற்று, குடல் நோய்களில் பழகிய இன்னொரு நோய்க்குறியியல் வல்லுநரிடம் காட்டலாம். கணவருக்கு மீண்டும் குழாய் விட வேண்டிய தேவையின்றியே இரண்டாம் கருத்துக் கிடைத்துவிடும், செலவும் சிறிது.

நாம் அஞ்சுவது வேறொன்றைப் பற்றி. விடுமுறை முடிந்து அவர் விமானமேறிவிடுவார். அங்கே வலி இராது, வேலை இருக்கும், மருந்து தீர்ந்துவிடும், மூன்று முதல் ஆறு மாதத்தில் செய்ய வேண்டிய மறுபரிசோதனை அடுத்த விடுமுறைக்கென்று இரண்டாண்டு தள்ளிப்போகும். அவ்வாறு நேரவிடாதீர்கள். அறிக்கையின் படிகளை இரண்டாக எடுத்து, ஒன்றை அவர் பெட்டியில் வையுங்கள். பணிபுரியும் நாட்டிலேயே மறுபரிசோதனை செய்துகொள்ளட்டும். அமிலத்தை அடக்கும் மாத்திரையைப் பொதுவாக உணவுக்கு அரைமணி நேரம் முன்னர் உண்ண வேண்டும். ரமலானில் அதனை ஸஹருக்கு முன்னரா, நோன்பு துறக்கும் வேளையிலா, எப்போது உண்பது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும். ஒருவேளை மிகுந்த பிறழ்வு என்றே முடிவு வந்தாலும், நெஞ்சைப் பிளந்து அறுவை செய்வது ஒன்றே வழி என்றிருந்த காலம் போய்விட்டது. உள்நோக்கி வழியாகவே அத்திசுவைச் சீவி எடுக்கவும், வானலை வெப்பத்தால் தீய்த்து நீக்கவும் இயலும். 2009-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், இவ்வாறு தீய்க்கப்பட்டவர்களுள் 81 விழுக்காட்டினருக்கு மிகுந்த பிறழ்வு முற்றிலும் மறைந்தது; தீய்க்காதவர்களுள் 19 விழுக்காட்டினருக்கே மறைந்தது.

மற்ற வாசகர்களுக்காகத் தட்டை உயிரணு வகையைப் பற்றியும் ஒரு சொல். காஸ்பியன் கடலின் தென்கிழக்கே, துருக்மானியர் பெருமளவில் வாழும் ஈரானின் கோலஸ்தான் பகுதி, உலகில் இந்நோய் மிக மலிந்த இடங்களுள் ஒன்றாக அரை நூற்றாண்டுக்கு முன்பே பெயர் பெற்றது. அங்கே 2004 முதல் 2008 வரை ஐம்பதாயிரம் பேரைச் சேர்த்து, ஆண்டுதோறும் நலம் விசாரித்து வந்தனர். அவர்கள் தேநீர் அருந்தும்போது அதன் வெப்பத்தையும் அளந்தனர். 60 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் நாளொன்றுக்கு 700 மில்லிலிட்டருக்கு மேல் தேநீர் அருந்தியவர்களுக்கு, ஆறவைத்துக் குறைவாக அருந்தியவர்களைவிட இந்நோய் வாய்ப்பு 90 விழுக்காடு கூடுதல் என்று 2020-இல் எழுதினர். அபின் பழக்கமும் அங்கு ஒரு காரணம். 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் எப்பானத்தை அருந்துவதும் புற்றுநோய்க்கு ஏதுவாகக்கூடியது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் வகைப்படுத்தியது. குற்றம் தேயிலையினுடையதன்று, சூட்டினுடையது. எனவே நோன்பு துறந்தவுடன் ஆவி பறக்கும் கஞ்சிக் கோப்பையை அப்படியே வாயில் கவிழ்க்கும் நம் பெரியவர்கள், பேரீச்சம்பழத்தை மென்று முடிக்கும் வரையிலாவது அதனை ஆறவிடலாம். புகையிலை சேர்த்த வெற்றிலையைப் பொறுத்தமட்டில் இந்தச் சலுகைக்கும் இடமில்லை. அதனை ஆறவைத்தும் பயனில்லை. அப்பழக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்குவது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டது.

விழுங்கும்போது உணவு தடைப்படுதல், காரணமின்றி எடை குறைதல், குருதி வாந்தி, மலம் கருமையாகப் போதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், இவ்விதழுக்கு மடல் எழுதி விடை வரக் காத்திருக்க வேண்டா. அன்றே மருத்துவரைக் காணுங்கள். மற்றவர்கள் வழக்கம்போல் எழுதலாம். ஆனால் அறிக்கையின் படியை மட்டும் அனுப்புங்கள். சென்ற திங்கள் இருவர் மூல அறிக்கையையே அஞ்சலில் அனுப்பியிருந்தனர். பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கின்றோம், வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.